கியர் பாக்ஸ் ஒழுகல்: கம்ப்யூட்டர் சொல்வதும் சொல்லாததும்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. வாசலில் காரும் நிற்கிறது. காரை எடுத்ததும் தரையில் ஓர் எண்ணெய்க் கறை! ஒழுகலைக் கண்டறியக் கம்ப்யூட்டர் உதவுமா? உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான்.

மயிலம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய ஒர்க்‌ஷாப்புக்குத் திண்டிவனமோ விழுப்புரமோ நெடுஞ்சாலையில் போக வேண்டியிருக்கும். கியர் பாக்ஸில் ஆயில் குறைந்த நிலையில் ஓட்டினால், ஒரு ரப்பர் சீலோடு முடிய வேண்டிய வேலை கியர் பாக்ஸையே பிரிக்கும் செலவாகிவிடும்.

முதலில் அட்டை, பிறகு ஃபோல்டர்

இரவில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, அடியில் வெள்ளை அட்டையை விரியுங்கள். முன்பக்கம் எது என்று அட்டையில் எழுதிவிடுங்கள். காலையில் கறை அருகே ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து, ரீநேம் மூலம் 2025-01-09 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். நாளை முதலில் எழுதினால், பெயர்வாரியாக அடுக்கும்போது பிப்ரவரி 1-ஆம் தேதிப் படம் ஜனவரி 9-க்கு முன்னால் போய் நிற்கும்.

எக்ஸெலில் தேதி, ஓடிய கிலோமீட்டர், கறையின் அகலம் என மூன்று காலங்கள் போதும். கறை வளர்கிறதா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

கறை என்ன சொல்கிறது?

* சிவப்பு: பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். பழசானால் பழுப்பாகும். சில கார்களில் வேறு நிறத்திலும் வரும்.
* தேன் நிறம், கந்தக வாடை: மேனுவல் கியர் பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியல் ஆயில். பொலேரோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் பின் ஆக்ஸில் அருகிலும் பாருங்கள்.
* முன் சக்கரத்தின் உட்புறம் தெறித்த கெட்டியான கறுப்பு கிரீஸ்: ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது.
* நிறமற்ற தண்ணீர்: ஏ.சி.யிலிருந்து வருவது. பயம் வேண்டாம்.
* சக்கரம் அல்லது பெடல் அருகே மெல்லிய, வெளிர்மஞ்சள் திரவம்: பிரேக் ஆயிலாக இருக்கலாம். காரை நகர்த்தவே கூடாது.

ஓ.பி.டி. சாக்கெட்

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பி.எஸ். 4 கார்களுக்கு ஓ.பி.டி. இரண்டாம் நிலை கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் இ.எல்.எம். 327 வகை அடாப்டரைச் செருகி, யு.எஸ்.பி. அல்லது ப்ளூடூத் வழியாக லேப்டாப்புடன் இணைத்தால், கார் பதிவு செய்துள்ள கோளாறு எண்கள் திரையில் வரும்.

* பி0700: கியர் பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏதோ கோளாறு. விவரத்தைத் தனியாகப் படிக்க வேண்டும்.
* பி0868: கியர் ஆயில் அழுத்தம் குறைவு. ஒழுகல் காரணமாக இருக்கலாம். பம்ப், சென்சார் பழுதாகவும் இருக்கலாம்.
* பி0218: கியர் ஆயில் அளவுக்கு மேல் சூடாகிறது.

எண்களை அழிப்பதற்கு முன் சேவ் செய்துகொள்ளுங்கள். மெக்கானிக்குக்கு அதுதான் தடயம்.

முக்கியமான விஷயம் ஒன்று. பெரும்பாலான கியர் பாக்ஸ்களில் ஆயில் அளவை அறியும் சென்சார் கிடையாது. அழுத்தமோ சூடோ மாறிய பிறகுதான் கம்ப்யூட்டருக்கே தெரியவரும். மேனுவல் கியர் பாக்ஸ் என்றால் அதுவும் இல்லை. திரையில் எண் ஏதும் வராததால் ஒழுகல் இல்லை என்று நினைக்காதீர்கள். அட்டையில் கறை இருந்தால் ஒழுகல் இருக்கிறது!

சரிசெய்வது எப்படி?

அடிப்பகுதியைக் கழுவிக் காயவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். ஆயில் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் வழியும். ஆகவே ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானதும் முன்னால் இருப்பதும்தான் ஒழுகலின் தொடக்கம். ட்ரெயின் பிளக் என்றால் புது வாஷர் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். ஆக்ஸில் சீலை மாற்றும்போது, கியர் பாக்ஸின் காற்றுத் துவாரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, புது சீலும் ஒழுகும்.

டிப்ஸ்டிக் இல்லாத ஆட்டோமேட்டிக் கார்களில், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவைப் பார்க்க வேண்டும். அந்தச் சூட்டை ஸ்கேனர் காட்டும். கம்ப்யூட்டர் உண்மையில் கைகொடுக்கும் இடம் இது. ஆயில் வகையைக் கார் கையேட்டில் பார்த்தே ஊற்றுங்கள், சி.வி.டி. ஆயிலும் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலும் ஒன்றல்ல.

எச்சரிக்கை: ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். கியர் வழுக்கினாலோ, கறை திடீரெனப் பெரிதானாலோ ஓட்டிச் செல்ல வேண்டாம். ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டியும் இழுக்காதீர்கள். லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.