பங்குனி ஆமையும் பாதிக் காவலும்

சிறுசேரியின் மென்பொருள் மாளிகைகளுக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால், கோவளம் தொட்டு மாமல்லபுரம் வரை நீள்கிறது கடற்கரை. தை பிறந்தபின், நள்ளிரவு கடந்த வேளையில், கையில் கோலேந்திச் சிலர் இம்மணலில் நடப்பர். அலைவாயினின்று மேலேறி, வளைந்து, மீண்டும் அலைக்கே திரும்பும் கடலாமைத் துடுப்பின் தடம் ஒன்றே அவர்கள் நாடுவது. தடம் வளையுமிடத்தில் மணலைக் கோலால் மெல்லக் குத்திப் பார்ப்பர். இறுகிய மணலிடையே கோல் திடுமென இறங்கினால் அதனடியில் முட்டைக்குழி உண்டு.

ஆலிவ் ரிட்லி என்று உலகம் அழைக்கும் இக்கடலாமையை நம் மீனவர் பங்குனி ஆமை என்பர். பருவத்தையே பெயராக்கியவருக்குப் பஞ்சாங்கம் வேறு வேண்டியதில்லை. குடுவை வடிவில் குழி தோண்டி, 100 முதல் 120 முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுத் தாய் கடல் புகும். அம்முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைப்போர் விரைந்தாக வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தே ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு மாளும். மணலின் வெப்பம் ஏறத்தாழ 29 பாகை செல்சியசைக் கடந்தால் குஞ்சுகளிற் பெரும்பாலன பெண், தாழ்ந்தால் ஆண். ஆகவே பொரிப்பகத்தின்மேல் விரிக்கும் நிழல் ஒரு தலைமுறையின் பால்விகிதத்தையே மாற்றவல்லது. ஏறக்குறைய 50 நாளில் வெளிவரும் குஞ்சு, ஒளிமிக்க திசையே கடலென்று கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விளக்குகள் அதனை எப்பக்கம் இழுக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலிய சிலர் தொடங்கிய இந்நள்ளிரவு நடையை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு சென்னைக் கரையில் ஏற்று நடத்துகிறது. 2002-இல் தோன்றிய ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞரையே காவலராக்கியது. முட்டை தோண்டித் தின்ற குப்பத்தில் பிறந்தவரே முட்டைக்குக் காவல் நிற்பதை இவ்வரலாற்றின் சிறந்த ஏடாகக் கருதுகிறேன்.

எனினும் முட்டைக்கு மட்டுமான இக்காவல் பாதிக் காவலே. ஐரோப்பிய ஆறுகளின் ஸ்டர்ஜன் மீனை நோக்குக. அதுவும் தொன்மையான உயிர், பருவமெய்தப் பல்லாண்டு கொள்வது, முட்டைக்காக வேட்டையாடப்பட்டது. குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டும், அணையும் வலையும் நீங்காமையால் அதன் இனம் தேறவில்லை. எஞ்சிய 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழிவின் விளிம்பை நோக்கியுள்ளன என 2022-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. கடலாமைக்கும் இதே கணக்குத்தான். பெருந்தலை ஆமை என்னும் வேறொரு கடலாமை இனத்தைப் பற்றி 1987-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, முட்டைகள் யாவற்றையும் காத்தாலும் வளர்ந்த ஆமைகள் கடலில் மடிந்தவண்ணம் இருப்பின் இனம் தேயும் என்று காட்டியது. ஆயிரம் குஞ்சில் ஒன்றே வளரும் என்பர். அவ்வொன்று வலையில் மூச்சடைத்து மாண்டால் இழப்பு ஒன்றன்று.

ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலைக்குள் மணிக்கணக்கில் சிக்கினால் மேலே வர வழியில்லை. 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் பல நூறு ஆமைகள் செத்து ஒதுங்கின. பிதுங்கிய கண்களும் வீங்கிய கழுத்தும் நீரில் மூச்சடைத்ததையே சுட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கெடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரலாகாது என்ற விதி ஏட்டில் முன்பே உண்டு.

வலையின் தொண்டையில் சாய்வாகப் பொருத்தும் கம்பித்தட்டு ஒன்று உண்டு. இறால் கம்பிகளிடையே நுழைந்து உட்செல்ல, ஆமை தட்டில் மோதி மேலுள்ள திறப்பு வழியே வெளியேறும். அத்திறப்பில் மீனும் நழுவுகிறது என்பது விசைப்படகினர் குறை. அது முற்றும் பொய்யன்று. டீசல் விலையும் பங்காளிகளின் கூலியும் அறிந்த எவரும் அதனை எள்ளி நகையாடார். நழுவும் மீனுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே துறைமுகத்தில் இன்றும் தீராத வழக்கு.