பழைய பட்டறைப் புத்திமதிகள்

தொழிற்சாலைகளிற் பணிபுரிவோர் சிலர் ஓய்வு நாட்களிலும் இரும்பை விடுவதில்லை. வீட்டின் நிலக்கீழ் அறையிலோ வாகனக் கொட்டகையிலோ சிறியதொரு கடைசற் பொறியை வைத்துச் சிற்றுருவ இயந்திரங்கள் செய்து மகிழ்வர். ஊரிலே தச்சர் கட்டிற்கால் கடைந்தது போன்றே, இப்பொறியிலும் பொருள் சுழல, வெட்டுளி அதனைச் சீவும்.

இப்பொழுதுபோக்கிற்கு வழிகாட்டும் நூல்களுட் பல மிகப் பழையவை. அமெரிக்காவின் சௌத் பெண்ட் நிறுவனம் 1907இல் முதன்முதல் வெளியிட்ட கைநூலையும், 1898இல் இலண்டனில் தொடங்கிய 'மொடல் எஞ்சினியர்' இதழின் பழைய பிரதிகளையும் இன்றும் தேடிப் படிப்போர் உளர். கணினி இயக்கும் பொறிகள் மலிந்த இக்காலத்தில் இவை எதற்கு என மாணவர் வினவலாம்.

இன்றைய விற்பனை ஏடுகள் கூறும் வேகங்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளின் கனத்த பொறிகளுக்கு உரியவை. வீட்டுப் பொறியோ இலகுவானது. அதே அளவில் அழுத்தி வெட்டினால் அதிர்ந்து நடுங்கும். பலத்திலும் வேகத்திலும் அது பாட்டனார் காலத்துப் பொறிக்கே உறவு. ஆகவே 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிற் காட்டப்பட்ட அதிவேக உருக்கினைக் கையாற் தீட்டிப் பயன்படுத்தும் பழைய முறை இதற்கு நன்கு பொருந்துகிறது. 'உளியை நீள நீட்டாதே' என்பது மூத்தோர் வாக்கு. ஒரு முனையில் மட்டும் பற்றிய தண்டின் நீளம் இருமடங்கானால், அதே விசைக்கு அதன் வளைவு எண்மடங்காகும். இக்கணக்கை அறியாதோரும் அவ்விதியைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

குளிர்ந்த இரும்பை உடனே அளவாதே என்பதும் அத்தகையதே. நமது மாரிகாலத்தில் வெளிக்கொட்டகைக்கும் வீட்டறைக்கும் 30 பாகை வேறுபாடு இருக்கலாம். அதனால் 100 மில்லிமீற்றர் உருக்குத்தண்டு ஏறத்தாழ 0.035 மில்லிமீற்றர் நீளும். நுண்ணிய வேலைக்கு இது பெரும் பிழை. உள்ளே கொணர்ந்த இரும்பில் ஈரம் படிந்து துருவும் ஏறும்.

பழையன யாவும் நல்லன அல்ல. கல்நாரையும் நச்சுக் கரைப்பான்களையும் அஞ்சாது கையாளச் சொல்லும் பக்கங்களும் அந்நூல்களில் உண்டு; கண்காப்புக் கண்ணாடியின்றி நிற்போரின் படங்களும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட வேண்டும்.

ஆனால், சுழலும் பொறியருகே கையுறை அணியாதே என்ற விதி மாறவில்லை; உறை சிக்கினால் கையும் உடன் இழுபடும். பொருளைப் பற்றும் சக்கை முடுக்கும் திறப்பை அதிலேயே விட்டுக் கையெடுக்கலாகாது என்பதும் அவ்வாறே. மறந்து பொறியை இயக்கினால், அத்திறப்பு பறந்து எதிரில் நிற்பவரின் முகத்தைத் தாக்கும். அப்பா பொறியை இயக்குமுன் "திறப்பு எங்கே?" என்று கேட்கும் உரிமை அருகில் நிற்கும் பிள்ளைக்கும் உண்டு.