மின்சாரம் நின்றாலும் இன்சுலின் நிற்கக்கூடாது

நீரிழிவு உள்ளவர்களுக்கான அவசரகால ஆயத்தம்

2013ஆம் ஆண்டு டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் பெய்த உறைபனி மழையை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. நகரில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகளுக்கு நத்தார் முடிந்த பின்னரே மின்சாரம் திரும்பி வந்தது.

அந்த நாட்களில் நாம் பார்த்த நோயாளிகளில் ஒருவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. பல ஆண்டுகளாக இன்சுலின் போடுபவர். குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யாததால் மருந்து பழுதாகிவிடும் என்று பயந்து, இன்சுலின் பேனைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பல்கனியில் பனிக்குள் வைத்துவிட்டார். வேளை தவறாமல் எடுத்து வந்து ஊசியும் போட்டுக்கொண்டார். சீனி பார்க்கும் ஸ்ரிப் முடிந்துவிட்டதால் அளவு பார்க்கவில்லை. நான்காம் நாள் அடங்காத தண்ணீர் விடாய், களைப்பு, வாந்தி. மருத்துவமனையில் பார்த்தபோது சீனி 30ஐ நெருங்கியிருந்தது. ஐந்து நாட்கள் தங்கி, நல்ல வேளையாகச் சுகமாகி வீடு திரும்பினார்.

"ஊரிலே கரண்ட் இல்லாத காலத்தில் மண்முட்டியில் வைச்ச மருந்தே பழுதாகேல்லை. இஞ்சை பனிக்குள்ளே வைச்சது எப்படி டொக்டர் பழுதாகும்?" என்று எம்மிடம் கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். 1990இல் மின்சாரம் நின்றபின் யாழ்ப்பாணம் பல ஆண்டுகள் இருளில் இருந்தது. அக்காலத்தில் இன்சுலினை ஈரமான மண்முட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிய வீடுகளை மருத்துவ மாணவர்களாக இருந்தபோது நாம் கண்டிருக்கிறோம். மண்ணின் துளைகளால் கசியும் நீர் ஆவியாகும்போது முட்டியின் உட்புறம் குளிர்கிறது. அங்கே வெப்பத்திலிருந்து மருந்தைக் காத்தோம். ஆனால் கனடாவின் பனிக்காலத்தில் மருந்து உறைந்து போகாமல் காக்கவேண்டும். உறைந்த இன்சுலின் தன் வேலையை இழந்துவிடும். அந்த அம்மா நான்கு நாட்களாகப் போட்டது பயனற்ற மருந்து.

இன்சுலின் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

1. மின்சாரம் நின்றவுடன் இன்சுலின் பழுதாகிவிடாது. திறக்காத பேனைகளை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கிறோம். ஆனால் பெரும்பாலான இன்சுலின் வகைகள் சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ 28 நாட்கள் தாங்கும். சில வகைகளுக்கு இக்காலம் கூடலாம் அல்லது குறையலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்தால் தெரியும், அல்லது மருந்தாளரிடம் கேளுங்கள். வெளியே எடுத்த திகதியைப் பேனையின் மேல் எழுதிவிடுங்கள்.

2. உறைந்த இன்சுலினை, அது மீண்டும் இளகினாலும், எறிந்துவிடுங்கள். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கக்கூடும். பல்கனி, யன்னல் ஓரம், கார் ஆகிய இடங்களில் வைக்கவேண்டாம். ஐஸ் கட்டியோடு நேரே படும்படியும் வைக்கக்கூடாது. வீடு மிகவும் குளிர்ந்துவிட்டால் பேனையை உடுப்பின் உட்பையில், உடலோடு வைத்திருங்கள்.

3. கோடையில் மறுபுறம் கவனம் தேவை. 2003 ஆகஸ்ட் 14இல் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தது நல்ல கோடை நாளில். அப்படியான நாட்களில் வெயில் படாத, வீட்டின் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். எமது மண்முட்டி முறை இங்கும் உதவும். கடும் வெப்பத்தில் இருந்த இன்சுலினை இயன்றவரை மாற்றவேண்டும். வேறு எதுவுமே கிடைக்காவிட்டால், போடாமல் விடுவதைவிட அதைப் போடுவது மேல். சீனியை அடிக்கடி பார்த்து, புதியது கிடைத்தவுடன் மாற்றிக்கொள்ளுங்கள்.

4. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிடாவிட்டாலும் நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தவே கூடாது. பம்ப் பாவிப்பவர்கள் அது நின்றுபோனால் போடுவதற்கு ஒரு பேனையும், எவ்வளவு போடவேண்டும் என்ற விபரத்தையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். பம்ப் நின்று சில மணித்தியாலங்களிலேயே ஆபத்து ஆரம்பிக்கலாம்.

சாப்பாடும் குளிசையும்

அவசர காலத்தில் சமையல் நேரம் குழம்பிவிடும். உறவினர் வீட்டில் பத்துப் பேரோடு தங்க நேரலாம். பாணும் பிஸ்கற்றும் சீனி போட்ட தேநீருமே சாப்பாடாக இருக்கலாம். பலர் கூச்சத்தில் தமது வருத்தத்தைச் சொல்வதில்லை, ஊசி போடுவதையும் தள்ளிப்போடுவார்கள். வேறு சிலர் வழமைபோல குளிசையைப் போட்டுவிட்டு, சாப்பாடு வரும் என்று காத்திருப்பார்கள். கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளையோ சாப்பாட்டு நேர இன்சுலினையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே சாப்பாடு முன்னால் வந்தபின்னரே அவற்றை எடுங்கள்.

சீனி 4இற்குக் கீழே இறங்கினால் உடனே முக்கால் கப் பழச்சாறு, அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டி சீனி கொடுங்கள். 15 நிமிடத்தின் பின் மீண்டும் பாருங்கள். இன்னும் 4இற்குக் கீழே என்றால் திரும்பவும் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பக்கவாட்டில் கிடத்திவிட்டு 911ஐ அழையுங்கள்.

வாந்தி, வயிற்றோட்டத்தால் நீராகாரம் தங்காவிட்டால் மெட்போமின், எம்பாகிளிபுளோசின், சில இரத்த அழுத்தக் குளிசைகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். உங்களுடைய குளிசைகளில் எவை அப்படியானவை என்பதை அடுத்தமுறை மருத்துவரைக் காணும்போது கேட்டு எழுதி வைத்திருங்கள்.

ஒரு பை ஆயத்தமாக இருக்கட்டும்

கனடிய அரசாங்கம் ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது 72 மணித்தியாலங்களுக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கவேண்டும் என்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் மருந்தைப் பொறுத்தவரை ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்கு ஆயத்தமாக இருப்பது நல்லது. பையில் இருக்கவேண்டியவை:

• குளிசைகள், பேனை ஊசிகள், ஸ்ரிப், விரல் குத்தும் ஊசிகள்
• சீனி பார்க்கும் கருவியும் மேலதிக பற்றரியும். கையில் ஒட்டும் சென்சர் பாவிப்பவர்களும் இதை வைத்திருங்கள். கைத்தொலைபேசியின் சார்ஜ் போனால் அளவு தெரியாது
• குளுக்கோஸ் வில்லைகள் அல்லது சிறிய பழச்சாறுப் பெட்டிகள்
• சமைக்காமல் உண்ணக்கூடிய கடலை, ரின் மீன், கிறாக்கர், குடிதண்ணீர்
• ரோச் லைற், காலுறை, வீட்டுக்குள் போடும் செருப்பு
• மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, மருத்துவர், மருந்தகம், பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள்

இன்சுலின் மட்டும் வழமைபோல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். அதை மறக்காமல் எடுக்கும்படி பையின் மேல் எழுதி ஒட்டுங்கள். பையில் உள்ள மருந்துகளின் முடிவுத் திகதியை ஆண்டுக்கு இருமுறை, மணிக்கூட்டை மாற்றும் நாட்களில் பார்த்து, பழையதைப் பாவித்துவிட்டுப் புதியதை வையுங்கள். மருந்து முடிந்து மருத்துவரைக் காணமுடியாவிட்டால் மருந்தகத்திற்குச் செல்லுங்கள். ஒன்ராறியோவில் நாட்பட்ட நோய்களுக்கான பல மருந்துகளை மருந்தாளரே புதுப்பித்துத் தரலாம்.

காலும் சூடும்

எம்மவர் வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பவர்கள். இருட்டில் கண்ணாடித்துண்டு குத்தினாலும் உணர்ச்சி குறைந்த காலுக்குத் தெரியாது. சுடுநீர்ப் பையைக் காலில் வைத்து வெந்துபோன புண்களையும் பார்த்திருக்கிறோம். காலுறையும் செருப்பும் அணியுங்கள். சூடேற்றுவதற்காகப் பார்பிகியூ அடுப்பையோ ஜெனரேற்றரையோ வீட்டுக்குள்ளும் கராச்சுக்குள்ளும் ஒருபோதும் இயக்கவேண்டாம். 2013 பனிப்புயலில் கார்பன் மொனொக்சைட் நஞ்சேறிப் பலர் மருத்துவமனைக்குச் சென்றார்கள்.

எப்போது உதவி கேட்கவேண்டும்?

வாந்தி நிற்காவிட்டால், மூச்சு வேகமாக வாங்கினால், தடுமாற்றமோ தூக்கமயக்கமோ வந்தால், சீனி மணிக்கணக்கில் 20இற்குக் கீழே இறங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். 911ஐ அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். சூடேற்றிய தங்குமிடம் போன்ற உதவிகளுக்கு 211ஐ அழைக்கலாம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தனியாகவோ பேஸ்மன்றிலோ வாழும் அம்மா அப்பாவின் மருந்து எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்போது அந்தப் பையை அவர்களோடு சேர்ந்து கட்டுங்கள், தாளை நீங்களே எழுதிக் கொடுங்கள். மின்சாரம் நின்றால் முதல் அழைப்பு அவர்களுக்காக இருக்கட்டும். "இன்சுலினை எங்கே வைச்சிருக்கிறீங்கள்?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால், அந்த அம்மாவுக்கு மருத்துவமனை தேவைப்பட்டிருக்காது.

(இவை பொதுவான ஆலோசனைகள். உங்கள் மருந்தின் அளவில் மாற்றம் செய்வதற்கு முன் உங்கள் குடும்ப மருத்துவரைக் கேளுங்கள்.)