வருத்தக்காரரிடம் யார் சொல்வது?

மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றுக்கு வடக்கே திருகோணமலை மாவட்டம், தெற்கே மட்டக்களப்பு. மனநோய்க்கு மருந்து எடுக்கிற வெருகல்காரர் மூதூர் வழியாகத் திருகோணமலைக்குப் போவார். இல்லையென்றால் ஆற்றைத் தாண்டி வாழைச்சேனை, மட்டக்களப்பு என்று போவார். படகுப் பாதையில் ஆறு கடந்த காலம் போய், இப்போது பாலம் இருக்கிறது. ஆனாலும் கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

2004 ஏப்ரலில் புலிகளின் இரு அணிகள் மோதிக்கொண்டது இந்த ஆற்றங்கரையில்தான். அதே வருடம் டிசம்பரில் சுனாமி. 2006இல் ஷெல்லுக்குப் பயந்து சனம் வாகரைப் பக்கம் ஓடியது. பிறகு உளவளத்துணை என்று சொல்லிக்கொண்டு பல நிறுவனங்கள் வந்துபோயின. நித்திரை வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா என்று கேட்டவர்கள் நிறையப்பேர். காணி உறுதி யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

கிழக்கில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். அவளுக்கே மனவருத்தம் வந்துவிட்டால்? மாதா மாதம் ஊசி போட்டு, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு அக்காவை எண்ணிப் பாருங்கள். சமைக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். ஒரு நாள் தம்பி ஒரு கடதாசியோடு வருகிறான். “அக்கா, இதில ஒரு கையெழுத்துப் போடு. உனக்கு வருத்தம்தானே, நான் பாத்துக்கொள்றன்.” கெட்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உண்மையிலேயே பார்த்துக்கொள்ளவும் கூடும். ஆனால் அக்காவுக்கு ஒன்று தெரியாது: மனநோய்க்கு மருந்து எடுக்கிறாள் என்பதற்காக அவளுடைய சொத்துரிமை யாருக்கும் கைமாறிவிடாது. கையெழுத்திடும் நேரத்தில் அவளுக்கு விளக்கம் இருந்ததா என்பதைத்தான் சட்டம் கேட்கும். அவளுடைய சொத்தை இன்னொருவர் நிர்வகிக்க வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு, விசாரணை நடந்து, நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வேண்டும். அப்படி நியமிக்கப்பட்டவரும் கணக்குக் காட்ட வேண்டியவர். இது இலங்கையின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையில் நெடுங்காலமாகவே இருக்கிறது. தம்பி ஒரு சட்டத்தரணியிடமோ நொத்தாரிசிடமோ போய் எல்லாம் கேட்டறிந்துதான் கடதாசியோடு வந்திருப்பான். அக்காவுக்கு அதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

நோயாளியை வைத்தியசாலையில் சேர்ப்பது பற்றிய சட்டம் இன்னும் பழசு. 1873ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அது. 1956இல் திருத்தி, ‘பைத்தியம்’ என்றிருந்த பெயரை மனநோய் என்று மாற்றினார்கள். எலும்புக்கூடு அதேதான். உறவினர் என்ன செய்யலாம், பொலிஸ் என்ன செய்யலாம், வைத்தியர் என்ன எழுதித் தரவேண்டும், நீதிபதி எப்படி விசாரிக்க வேண்டும் என்று அது எல்லோரோடும் பேசுகிறது, நோயாளியைத் தவிர. பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு வரும் என்பதை எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். 2005இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை புதுச் சட்டம் வரும் என்று வாக்களித்தது, வரைவுகளும் எழுதப்பட்டன. 1873ஐ அவை இன்னும் அசைக்கவில்லை. அந்தப் பழைய சட்டம் அடிப்படை உரிமைகளுக்கு முரணானது என்று வழக்காடி வீழ்த்தவும் முடியாது. முன்பிருந்த சட்டங்கள் முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையே காவல் நிற்கிறது. இதை விடக் கெட்டிக்காரத்தனமான பூட்டு வேறு எங்கே கிடைக்கும்!

அதற்காக நோயாளியின் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைப்பதும் பிழை. சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று சட்டப்படி தீர்மானிக்கப்பட்டவருக்குத்தான் வாக்கு இல்லை. கிளினிக் கொப்பி வைத்திருப்பவர் தாராளமாகப் போய் வாக்களிக்கலாம். பொது விவாகச் சட்டத்தின் கீழ் கலியாணம் முடித்த பெண்ணை, ‘இவளுக்கு விசர்’ என்ற ஒரே காரணத்தைக் காட்டி விவாகரத்துச் செய்யமுடியாது. அந்தச் சட்டத்தில் அப்படியொரு காரணமே இல்லை. வீட்டில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தால், கட்டியவர் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும் குற்றம். தனியாரின் பிடியில் அநியாயமாகத் தடுத்துவைக்கப்பட்டவருக்காகவும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. வயல் செய்கிற ஊர்களில் கிருமிநாசினி குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீட்டார், வைத்தியசாலை வாசலில் பொய் சொல்லப் பார்ப்பார்கள்: “தண்ணி எண்டு நினைச்சுக் குடிச்சிட்டார்.” பொலிஸ் கேஸ் வரும் என்ற பயம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 1998லேயே நீக்கப்பட்டுவிட்டது. இந்த விஷயத்தில் இந்தியாவுக்கு இலங்கை முன்னோடி. அப்படியிருந்தும் அந்தப் பயம் போகவில்லை. வைத்தியரிடம் மறைத்த ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குக் கேடு.

கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகிப்போனார்கள். 2017இல் இந்தியா நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்ததோடு நிற்கவில்லை. எந்தச் சட்டப்பிரிவின் கீழ் அனுமதிக்கப்படுகிறார், அதை மறுபரிசீலிக்க எங்கே கேட்கலாம் என்பதை நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. இலவசச் சட்ட உதவி உண்டென்பதை நீதவானும் பொலிஸ் அதிகாரியும் நிறுவனப் பொறுப்பாளரும் தாமாகவே தெரிவிக்க வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. நடைமுறையில் ஓட்டைகள் ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து வரும் செய்திகளைப் படிப்பவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் நோயாளியிடம் சொல்வது ஒருவருடைய கடமை என்று எழுதப்பட்டிருக்கிறது. இலங்கையில் அந்தக் கடமை யாருக்கும் இல்லை.

வெருகலில் அதை யார் எடுக்கலாம்? கிளினிக்கில் பெயர் கூப்பிடும் தாதியும் மனநல வைத்திய அதிகாரியும் வேலைப்பளுவில் அமிழ்ந்திருப்பவர்கள். கிராம உத்தியோகத்தருக்குக் குடும்பங்களைத் தெரியும். உறவினருக்குத்தான் அவரையும் தெரியும் என்பதால் அதிலும் ஒரு சிக்கல். கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் நல்ல தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு ஒட்டுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். வீட்டார் பயப்படுவார்கள்: “உரிமை எண்டு சொல்லிக்குடுத்தா மருந்தை விட்டிருவான்.” ராவிராவாகக் கண்விழித்த ஒரு தாய் இப்படிச் சொன்னால் அதைக் குறைசொல்ல எனக்கு வாய்வராது. ஆனால் காணியைப் பற்றியும் வாக்கைப் பற்றியும் சொல்வதால் யாரும் மருந்தை விட்டுவிடமாட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் முதலாவதாக எழுத வேண்டியது ஒரு காலக்கெடு. அரச வைத்தியசாலையிலோ பொலிஸிலோ அடிப்படை உரிமை மீறப்பட்டால், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். இது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. கிளினிக்கும் மாதத்துக்கு ஒரு தரம்தான். நடந்ததை அடுத்த கிளினிக்கில் சொல்லலாம் என்று பொறுத்திருந்தவருக்குச் சொல்லும் நாளிலேயே தவணை முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போய்விட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, சட்டத்தரணி வேண்டாம். தமிழில் கடிதம் எழுதினால் போதும், தபாலிலும் அனுப்பலாம்.