வரி வேண்டும், ஓட்டு வேண்டாமா?

1858 ஜனவரியில் நியூஜெர்சியின் ஆரஞ்சு என்ற ஊரில் ஒரு வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. வீடு லூசி ஸ்டோன் பெயரில் இருந்தது. வந்த வரி ரசீதைக் கட்டாமல் திருப்பி அனுப்பியிருந்தார் அந்தப் பெண்மணி. கூடவே ஒரு கடிதம்: பெண்களுக்கு ஓட்டு கிடையாது, வரி மட்டும் உண்டு, இது இந்த நாட்டின் கொள்கைக்கே முரண் என்று. அப்போது அவருக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாமான்களை ஏலத்தில் எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார்.

பிரதிநிதி இல்லாமல் வரி கிடையாது என்று சொல்லித்தானே இவர்கள் பிரிட்டனை எதிர்த்தார்கள்? அதே வாதத்தை ஸ்டோன் அவர்களின் பேரன்கள் முன் நீட்டினார், அவ்வளவுதான்.

இன்னொன்று. நியூஜெர்சியின் 1776 அரசியல் சாசனம் 50 பவுண்டு சொத்துள்ள 'குடியிருப்போர்' எல்லோருக்கும் ஓட்டு கொடுத்தது. சொத்து வைத்திருந்த கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் ஓட்டு போட்டார்கள். 1807-இல் அதைப் பிடுங்கி, வெள்ளை ஆண் குடிமக்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ஆக, இந்த மாநிலத்தில் பெண்கள் கேட்டது பறிபோன பொருளைத்தான்.

இந்தப் போராட்ட முறையின் சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது. பணத்தை வாங்க அரசாங்கம் வாசலுக்கு வந்தாக வேண்டும், சாமானை எடுக்க வேண்டும், ஊரைக் கூட்டி விற்க வேண்டும். இங்கிலாந்தில் 1909-இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோபியாவின் நகைகள் ஏலம் போக, தோழிகளே அதை வாங்கித் திருப்பித் தந்தார்கள். 1912-இல் டாக்டர் எலிசபெத் வில்க்ஸ் வரி கட்டாததற்கு அவர் கணவரைச் சிறையில் போட்டார்கள்! மனைவியின் வருமானத்துக்குக் கணவன்தான் பொறுப்பு என்றது வரிச் சட்டம். ஊரே சிரித்திருக்காதா?

ஆனால் வீடும் நகையும் உள்ளவர்கள்தான் இப்படி மறுக்க முடியும். மில்லில் வேலை பார்த்த பெண்ணிடம் ஏலம் விட என்ன இருந்தது?

இன்று எனக்கும் அந்த வழி இல்லை. 1943 முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே வருமான வரியைப் பிடித்துவிடுகிறார்கள். ஸ்டோன் மறுத்த சொத்து வரியையும் என் வங்கி எஸ்க்ரோ கணக்கிலிருந்து நேரே கட்டிவிடுகிறது. வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் எச்1பி விசாவில் இருப்பவன் எந்த தைரியத்தில் மறுப்பான்?

சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. பள்ளி வாரியத் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் மட்டும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பெயரும் ஊரும் சொன்னால் போதும், மைக் கிடைக்கும். நம்ம ஆட்கள் எத்தனை பேர் போகிறோம்?