கவி கேட்க ஒரு வீடு

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவி பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கவியின் சொல்லைப் பற்றியது. அதில் வரும் உவமை, காதல், பேச்சு வழக்கு, சமூக நிலை என்று நாம் பரீட்சைக்குப் படித்ததும் அதுதான்; இப்போது நான் படிப்பிப்பதும் அதுதான். அந்தக் கவி எங்கே இருந்து, யார் முன்னால், எவ்வளவு தூரத்தில் பாடப்பட்டது என்று தேடினால் ஒரு வரி, இரண்டு வரிக்கு மேல் கிடைப்பது அரிது. இக்கட்டுரை அந்த 'எங்கே' பற்றியது. சில வருடங்களாக எங்கள் வீட்டில் சிறிய அளவில் கவி கேட்கும் இரவுகளை நடத்தி வருகிறேன். அதில் விளங்கியதையும் பிழைத்ததையும் எழுதுகிறேன்.

முதலில் மண்டபத்தில்தான் தொடங்கினேன். தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் காலம். அசலாகப் பாடுகிற ஒருவரைப் பிள்ளைகள் கேட்கட்டும் என்று எழுபது வயதைக் கடந்த ஒரு மூத்தம்மாவைப் பாடசாலைக்கு அழைத்து வந்தோம். மேடை, ஒலிவாங்கி, மாலை எல்லாம் ஆயத்தம். அவர் ஒலிவாங்கியை ஒரு பார்வை பார்த்தார். மூன்று கவி சொன்னார். 'சொன்னார்' என்றுதான் எழுத வேண்டும், பாடவில்லை. "போதும் புள்ள" என்று இறங்கிவிட்டார். திரும்பும் வழியில் ஓட்டோவில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, வெளியே வட்டையைப் பார்த்தபடி அதே மூன்றையும் இழுத்துப் பாடத் தொடங்கினார். மூன்று முப்பதானது. ஓட்டோக்காரத் தம்பி கேட்காமலே வேகத்தைக் குறைத்துவிட்டார். வீட்டு வாசல் வந்ததும் பாட்டு நின்றது.

அன்றைக்கு மண்டபத்தில் என்ன குறைந்தது என்று யோசித்தால், ஒன்றும் குறையவில்லை, கூடிவிட்டது. கவி ஒரு பக்கமாகப் பார்த்திருக்கும் கூட்டத்துக்கென்று உண்டானதல்ல. பன்பாய் இழைக்கும்போது பக்கத்தில் இருந்து இழைப்பவருக்காக, ஓராட்டும்போது தொட்டில் பிள்ளைக்காக (உண்மையில் பிள்ளையைச் சாட்டி, உள்ளே இருக்கும் மாமியின் காதுக்காகவும்), வண்டில் ஓட்டும்போது பின்வண்டில்காரனுக்காகப் பாடப்பட்டது. ஆண்களின் வயற்கவி சத்தமாகத்தான் பாடப்பட்டது. யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்தவர்கள் ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்குப் பாடினார்கள். ஆனால் அந்தச் சத்தத்துக்கும் அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். அவர் பதில் கவி பாடுவார். கேட்பவர் வேறு, பாடுபவர் வேறு என்று பிரித்து வைத்ததும் கவிக்கு மூச்சு முட்டுகிறது.

கவியின் கட்டை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். நான்கு சிற்றடி. பெரும்பாலும் முதலாம், மூன்றாம் அடிகளை எதுகை கட்டும். முதல் இரண்டு அடிகளுக்கிடையிலும் பின் இரண்டு அடிகளுக்கிடையிலும் மோனை விழும். முன்னிரண்டில் கச்சான் காற்றோ கடலோ வேளாண்மையோ வரும். பின்னிரண்டில் மனம் வரும். இவ்வளவும் தாளில் தெரியும். தெரியாதது இரண்டாம் அடியின் கடைசியில் வரும் இழுவை. அந்த இழுவைக்குள்தான் பாடுகிறவர் அடுத்த இரண்டடியைத் தேடி எடுக்கிறார். கேட்கிறவரும் தேடுகிறார். கவி தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் அவருடைய உதடு அசையும். சிலவேளை முந்திக்கொண்டு வேறொரு முடிவைச் சொல்லி, "எங்கட பக்கத்தில இப்பிடித்தான்" என்று சண்டைக்கும் வருவார். பல்கலைக்கழகத்தில் பாடபேதம் என்பதை ஏட்டுச்சுவடிகளை வைத்துப் படித்தேன். முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்த இரண்டு கிழவிகளுக்கிடையில் அதைக் கண்ணால் கண்டது என் வீட்டு விறாந்தையில்தான்.

பரணும் வண்டிலும் இப்போது இல்லை. வெட்டும் இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் அறுவடை, சூடு, களவெட்டி எல்லாம் ஒரே பகலில் முடிந்துவிடுகிறது. பாட்டுக்கு அங்கே நேரமில்லை. மிஞ்சியிருப்பது வீடு. எங்கள் பகுதியில் வீட்டுக்கு வேறொரு பொருளும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குக் கொடுக்கப்படுவது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நான் இருக்கும் வீடும் வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. சீதனத்தின் நன்மை தீமை பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுகிற விஷயத்தில் 'இது என்ட வீடு' என்பது பெரிய பலம். கிழவிகளும் 'கூட்டத்துக்குப் போறன்' என்று வருவதில்லை, 'இன்னாருடைய மகள் வீட்டுக்குப் போறன்' என்றே வருகிறார்கள்.

இனி, எப்படி நடத்துவது என்பது.

ஆட்கள் இருபதுக்கு மேல் வேண்டாம். பாடக்கூடியவர் ஒருவரை மட்டும் அழைப்பது நான் செய்த பிழை. குறைந்தது இருவர் வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் இளவயதில் அறிந்தவர்களாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கதிரைகளை எடுத்துவிட்டுப் பாய் விரிக்க வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களுக்குச் சுவரோரம் இரண்டு கதிரை போதும். பாடுகிறவர்களை நடுவில் வைத்து எல்லோரும் பார்த்திருக்கக்கூடாது. வட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் அவர்களும் இருக்க வேண்டும். கைக்கு வேலை கொடுப்பது இன்னும் நல்லது. நான் வெற்றிலைத் தட்டத்தையும் பாக்குவெட்டியையும் வைப்பேன். பாக்குச் சீவும் கைக்குப் பாட்டு தானாக வரும். நேரம் இஷாவுக்குப் பிறகு. அதற்கு முன் தொடங்கினால் பாங்கு சொல்லும்போது நடுவில் நிறுத்த வேண்டி வரும்; நிறுத்தினால் அந்தச் சூடு திரும்ப வராது. மின்விசிறியின் இரைச்சல் இழுவையைத் தின்றுவிடும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு அதை நிறுத்திவிடுகிறேன், வியர்த்தாலும் பரவாயில்லை. இஞ்சி போட்ட தேத்தண்ணி முதலிலேயே, பலகாரம் கடைசியில். எண்ணெய்ப் பண்டம் தின்ற தொண்டையால் பாட முடியாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே தொதலில் இரண்டு துண்டை முதலில் எடுத்து வைத்துக்கொண்டவர்தான்.

"பாடுங்கோ" என்று மட்டும் சொல்லக்கூடாது. அப்படிக் கேட்டால் "அதெல்லாம் மறந்து போச்சு மகள்" என்பதே பதில். ஊர்க்கதையோடு தொடங்க வேண்டும்: யார் வண்டில் வைத்திருந்தது, எந்த வட்டையில் யாருடைய பூமி, வெள்ளம் வந்த வருடம் எங்கே இருந்தது. இன்னொரு வழியும் கண்டுபிடித்திருக்கிறேன். நிந்தவூர் எஸ். முத்துமீரான் தொகுத்த கவிகளிலிருந்தோ, வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) நூலிலிருந்தோ ஒன்றை எடுத்துச் செய்யுள் வாசிப்பதுபோலத் தட்டையாக வாசிப்பேன். ஓரிடத்தில் பிழைவிட்டால் இன்னும் விசேஷம். பொறுக்க முடியாமல் யாராவது திருத்துவார்கள். திருத்துவதென்றால் பாடித்தான் திருத்த வேண்டும். இந்தத் தொகுப்பாளர்கள் பட்ட பாட்டுக்கு இதைவிட நல்ல பயன் ஒன்றை நான் வகுப்பறையில் கண்டதில்லை. அவர்கள் சொல்லைக் காப்பாற்றித் தந்தார்கள். மெட்டு கிழவிகளிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவருவதுதான் நம்முடைய வேலை.

ஆண்களின் இரவு வேறு. அதை என் கணவர் பார்த்துக்கொள்கிறார். முற்றத்தில் பாய், பழைய வயற்காரர்கள் நாலைந்து பேர், பெண்கள் உள்ளே. தாயிராக் கொட்டிப் பக்கீர் பைத் பாடும் ஒருவரும் ஒருமுறை வந்தார். பனி இறங்கித் தோல் தொய்ந்ததும் சிரட்டைத் தணல் கேட்டு வாங்கி, தாயிராவை அதில் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பாட்டைவிடப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. ஆனால் நான் மறக்காதது வேறொரு இரவு. வயதான காக்கா ஒருவர் மச்சியைக் கிண்டல் பண்ணும் கவி ஒன்றைப் பாடி இரண்டாம் அடியில் இழுத்தார். முடிக்கவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து, திரைக்குப் பின்னால், என் சாச்சி பதில் கவியை எடுத்தார். முற்றம் முழுக்கச் சிரிப்பு. காக்கா விடவில்லை, சாச்சியும் விடவில்லை. ஏழெட்டுக் கவி போயிருக்கும். நூல்களில் 'ஆண் கூற்று', 'பெண் கூற்று' என்று தனித்தனித் தலைப்பில் கிடப்பவை ஒன்றுக்கொன்று பதில் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஹொனர்ஸ் பட்டம் எடுத்து இருபது வருடத்துக்குப் பிறகு.

இதெல்லாம் மார்க்கத்துக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது பிழையல்ல. தீர்ப்புச் சொல்வது என் வேலையும் அல்ல. ஸஹீஹுல் புகாரியில் உள்ள ஒரு சம்பவத்தை மட்டும் நினைவூட்டுகிறேன். பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகியின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பாடியது புஆஸ் யுத்தம் பற்றி அன்ஸாரிகளிடையே வழங்கிய பாட்டு; அதாவது ஊர்ப்பாட்டு. அபூபக்ர் (ரழி) உள்ளே வந்து கண்டிக்கிறார். நபி (ஸல்) அவர்கள், இது பெருநாள், விட்டுவிடுங்கள் என்கிறார்கள். இதிலிருந்து எது வரை போகலாம் என்பதில் உலமாக்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் பெண்களின் இரவில் வாத்தியம் இல்லை, அந்நிய ஆண்கள் இல்லை, பெருநாளை ஒட்டியோ அறுவடை முடிந்தோதான் நடத்துகிறோம். அதற்கு மேலும் மனம் ஒப்பாதவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

வீட்டை ஒட்டிய பாட்டு வேறு முஸ்லிம் நாடுகளிலும் உண்டு. பஹ்ரைனில் முத்துக்குளிப்போரின் 'ஃபிஜிரி' பாட்டை வளர்த்தது 'தார்' எனப்படும் கூடங்கள். 'தார்' என்றாலே அரபியில் வீடு. குளிப்புத் தொழில் போய்ப் பல தசாப்தங்கள். இன்றும் வட்டமாக இருந்து சிறு மத்தளம், தாளம், மண்பானை கொண்டு பாடுகிறார்கள். 2021 இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஊர்களிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். மன்னார்க் கடலிலும் நம்மவர்கள் முத்துக் குளித்தார்கள்.

கடைசியாகக் கைபேசி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தது.

மேலே சொன்ன ஓட்டோ மூத்தம்மாதான் எங்கள் வீட்டு முதல் இரவின் உயிர். நள்ளிரவு தாண்டியும் பாடினார். எண்ணவில்லை, நூறு கவிக்குக் குறையாது. வந்திருந்தவர்களில் ஒருவர் கைபேசியில் காணொளி எடுத்திருக்கிறார். நான் கண்டும் காணாதது போல இருந்தேன். ஒரு பிரதி எனக்கும் கிடைக்கும் என்ற ஆசைதான், வேறென்ன. மூன்றாம் நாள் அது முகநூலில் வந்தது. காதல் கவி, தலையில் முக்காடு சற்று விலகியிருந்தது. கீழே எழுதப்பட்ட கருத்துகளை இங்கே சொல்ல விரும்பவில்லை. அவருடைய மகன் என் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. "டீச்சர், உம்மாவை இனிக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காணொளி நீக்கப்பட்டது. அது இப்போது என்னிடமும் இல்லை.

அதன் பிறகு வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி வைத்திருக்கிறேன். எல்லாக் கைபேசியும் அதற்குள். பதிவு வேண்டுமென்றால் குரல் மட்டும். முதல் நாளே வீட்டுக்குப் போய்ப் பாடுகிறவரிடமும் பிள்ளைகளிடமும் கேட்டு, ஒரே ஒரு கருவியில், எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் எடுப்பாள். அடுத்த நாள் பிரதியை அந்தக் குடும்பத்துக்கே முதலில் கொடுப்பது. அழிக்கச் சொன்னால் கேள்வி இல்லாமல் அழிப்பது. இரண்டு தடவை அழித்திருக்கிறேன், நெஞ்சு எரிந்தது. ஹதியாவையும் ஒரு நாள் கூலிக்குக் குறையாமல், உறையில் போட்டு, பலர் முன்னிலையில் அல்லாமல் வீட்டுக்குக் கொண்டு போகும்போது கொடுக்கிறோம். பதிவு செய்யாமல் விட்டால் எல்லாம் கபுறுக்குள் போய்விடும் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். சுனாமியில் போன கவிக் கொப்பிகளை யாரும் எண்ணிவைக்கவில்லை. ஆனாலும் பாடுகிறவர் வாய் மூடிவிட்டால் கருவி எதைப் பதியும்?

அந்த மூத்தம்மா இன்னும் இருக்கிறார். நோன்புக்கு முன்னர் பார்க்கப் போனேன். பின் விறாந்தையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டு, சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "வா புள்ள, தேத்தண்ணி குடி" என்றார்.