ஊழியரைக் கேளாத சீர்திருத்தம்

ஐக்கிய அமெரிக்காவில் புதிய ஜனாதிபதியொருவர் பதவியேற்கும் ஒவ்வொரு தடவையும் அரசாங்க இயந்திரத்தைச் சீர்செய்யப் போவதாக அறிவிப்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. கார்ட்டர், றீகன், கிளின்டன், புஷ் என எவரும் இதற்கு விதிவிலக்கல்லர். 2025 ஜனவரி 20 ஆம் திகதி இரண்டாவது தடவையாகப் பதவியேற்ற டொனால்ட் ட்ரம்ப், அண்மைக்காலத்தில் வேறெவரும் சென்றிராத தூரத்திற்கு இவ்விடயத்தில் சென்றார். அவ்வாண்டின் இறுதிக்குள் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட சமஷ்டி அரசாங்க ஊழியர்கள் சேவையிலிருந்து வெளியேறியிருந்தனர். இச்சீர்திருத்தம் பற்றி அரசியல்வாதிகளும் ஆய்வாளர்களும் நிறையவே பேசிவிட்டனர். அந்த இயந்திரத்தை நாளாந்தம் இயக்குபவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதே நாம் இங்கு நோக்க விரும்பும் விடயமாகும்.

சமஷ்டி ஊழியர் என்றதும் வாஷிங்டனில் கோப்புகளுக்கிடையே அமர்ந்திருக்கும் ஒருவரையே பலரும் கற்பனை செய்கின்றனர். ட்ரம்ப் பதவியேற்ற வேளையில் தபால் சேவை நீங்கலாகச் சுமார் 24 இலட்சம் பேர் சிவில் சேவையில் இருந்தனர். அவர்களுள் 80 சதவீதத்திற்கும் அதிகமானோர் தலைநகரப் பிராந்தியத்திற்கு வெளியே பணியாற்றுபவர்கள். முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளின் தாதியர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், காட்டுத் தீயை அணைப்போர், இறைச்சிக் கூடங்களைப் பரிசோதிப்போர் எனப் பலதரப்பட்டோர் இவர்களில் அடங்குவர். ஏறக்குறைய பத்துப் பேரில் மூவர் முன்னாள் படைவீரர்களாவர்.

இவர்களுக்குள்ள தொழிற் பாதுகாப்பு எவரும் தயவாக வழங்கியதொன்றல்ல. 19 ஆம் நூற்றாண்டில் தேர்தலில் வென்ற கட்சியே அரச பதவிகளைத் தன் ஆதரவாளர்களுக்குப் பங்கிட்டு வந்தது. 1881 இல் ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டவன், தனக்குப் பதவி கிடைக்கவில்லை என்று ஏமாற்றமடைந்திருந்த ஒருவனே. அக்கொலையின் அதிர்ச்சியே 1883 ஆம் ஆண்டின் பென்டில்டன் சட்டத்திற்கு வழிகோலியது. தகுதியின் அடிப்படையில் நியமனம், அரசியல் காரணங்களுக்காகப் பதவிநீக்கம் செய்யாமை என்ற கோட்பாடுகள் அதன் வழியாகவே படிப்படியாக வேரூன்றின.

அவ்வாறாயின் சீர்திருத்தம் தேவையற்றது என்று ஊழியர்கள் கருதுகின்றனரா? இங்குதான் பலரும் அறியாத ஓர் உண்மை உள்ளது. ஜனாதிபதி புஷ்ஷின் காலத்தில், 2002 இல், ஆளணி முகாமைத்துவ அலுவலகம் சமஷ்டி ஊழியர்களிடையே பெரியதொரு அபிப்பிராயக் கணிப்பை ஆரம்பித்தது. 2010 முதல் அது ஆண்டுதோறும் நடத்தப்பட்டது. அக்கணிப்புகளில் ஊழியர்களே தமது இல்லத்தின் குறைகளை ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கின்றனர். உதாரணமாக, 2012 இல் தாம் செய்யும் வேலை முக்கியமானது என்று கூறியோர் சுமார் 90 சதவீதத்தினர். வேலையைச் செய்து முடிக்க மேலதிகமாக உழைக்கத் தயார் என்றோர் அதனினும் அதிகம். ஆனால், திருந்த முடியாத அல்லது திருந்த விரும்பாத ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகின்றது என்பதை ஏற்றுக்கொண்டோர் 30 சதவீதமளவிலேயே இருந்தனர். சம்பள உயர்வு வேலைத்திறனைப் பொறுத்து அமைகின்றது என்றோர் அதிலும் குறைவு. சோம்பேறி ஊழியர்களைப் பற்றிப் பொதுமக்கள் கூறும் குறையை, பக்கத்து மேசையில் இருந்து அவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஊழியர்களே உரத்துக் கூறியுள்ளனர்.

எனினும் குறையை ஏற்றுக்கொள்வது வேறு, முன்வைக்கப்படும் பரிகாரத்தை நம்புவது வேறு. 2003 இன் இறுதியில் புஷ் கையொப்பமிட்ட பாதுகாப்புச் செலவுச் சட்டம் பாதுகாப்புத் திணைக்களத்தின் சிவில் ஊழியர்களுக்கு வேலைத்திறனுக்கேற்ற சம்பள முறையைக் கொண்டுவந்தது. (ஆண்டுதோறும் ஊழியர் கருத்தைக் கேட்கவேண்டும் என்று திணைக்களங்களைப் பணித்ததும் இதே சட்டம்தான்.) வேலைக்கேற்ற சம்பளம் இல்லை என்று முறையிட்டவர்கள் இதனை வரவேற்றிருக்க வேண்டுமல்லவா? நடந்ததோ மறுதலை. மதிப்பெண் வழங்கும் மேலதிகாரி நேர்மையாக நடந்துகொள்வார் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கவில்லை. தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. 2009 ஒக்டோபரில் காங்கிரஸ் அம்முறையையே நீக்கிவிட்டது. நல்ல நோக்கமுடைய திட்டமொன்று, ஊழியரின் நம்பிக்கையைப் பெறாததால் ஆறே ஆண்டுகளில் மடிந்தது.

இதற்கு முன்னர் வேறொரு வழியும் பரீட்சிக்கப்பட்டது. 1993 மார்ச்சில் கிளின்டன் அரசாங்க மீள்சீரமைப்புப் பணியை உப ஜனாதிபதி அல் கோரிடம் ஒப்படைத்தபோது, அதனை மேற்கொண்ட குழுவினரில் பெரும்பாலானோர் பல்வேறு திணைக்களங்களிலிருந்து எடுக்கப்பட்ட அரசாங்க ஊழியர்களே. அர்த்தமற்ற விதிகள் எவை என்பதை அவ்விதிகளால் தினமும் அவதியுறுபவர்களிடமே கேட்டனர். சிறப்பாகச் செயற்பட்ட ஊழியர் குழுக்களுக்குச் சட்டமிட்ட மலிவான சுத்தியலொன்று விருதாக வழங்கப்பட்டது. சுத்தியலுக்கும் அளவுக்குமீறி விலைகொடுத்த பாதுகாப்புத் திணைக்களத்தை நையாண்டி செய்யும் விருது அது.

அக்காலத்தை மாத்திரம் பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமல்ல. 1994 ஆம் ஆண்டின் சட்டம் 272,900 பதவிகளைக் குறைக்கவேண்டும் என்று விதித்தது. விலகிச் செல்வோருக்கு 25,000 டொலர் வரை வழங்கப்பட்டது. கேள்விப்பத்திரம், ஒப்பந்தம் முதலியவற்றைக் கண்காணிக்கும் அனுபவசாலிகள் பலர் இதனால் வெளியேறியமை பின்னைய ஆண்டுகளில் பெரும் குறையாக உணரப்பட்டது.

2025 இன் அனுபவம் முற்றிலும் வேறானது. ஜனவரி 28 ஆம் திகதி ஏறத்தாழ முழுச் சிவில் சேவைக்கும் மின்னஞ்சலொன்று சென்றது. பாதை பிரியும் சந்தியைக் குறிக்கும் அதன் தலைப்பு, 2022 இல் எலன் மஸ்க் ட்விட்டர் நிறுவனத்தை வாங்கிய பின்னர் அதன் ஊழியர்களுக்கு அனுப்பிய மடலின் அதே தலைப்பாகும். பதவி விலகச் சம்மதித்தால் செப்டெம்பர் இறுதிவரை வேலையின்றியே சம்பளம் பெறலாம் என்றது அம்மடல். முதற் கட்டத்தில் சுமார் 75,000 பேர் சம்மதித்தனர். பெப்ரவரி 22 ஆம் திகதி இன்னொரு மடல் வந்தது. கடந்த வாரம் செய்த ஐந்து வேலைகளை எழுதுமாறு அது கேட்டது. பதிலளிக்காமை இராஜினாமாவாகக் கருதப்படும் என்று மஸ்க் எக்ஸ் தளத்தில் எச்சரித்தார். பதிலளிக்க வேண்டாமென்று பாதுகாப்புத் திணைக்களம், எப்.பி.ஐ. முதலியவற்றின் தலைவர்களே தம் ஊழியர்களுக்கு அறிவித்தனர். ட்ரம்ப் நியமித்தவர்களே ட்ரம்பின் ஆலோசகரின் கட்டளையைத் தடுத்த விசித்திரம் அது.

யார் என்ன வேலை செய்கின்றனர் என்பதை அறியாது ஆட்குறைப்புச் செய்ததன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. அணுவாயுதங்களைப் பராமரிக்கும் நிருவாகத்தில் பணிநீக்கப்பட்டோரை ஓரிரு தினங்களுக்குள் மீள அழைக்க நேர்ந்தது. அவர்களது அலுவலக மின்னஞ்சல் துண்டிக்கப்பட்டிருந்தமையால் அவர்களைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடாயிற்று. பறவைக் காய்ச்சலைக் கையாண்ட விவசாயத் திணைக்கள உத்தியோகத்தர்கள் விடயத்திலும் இதுவே நடந்தது. யு.எஸ்.எயிட் நிறுவனம் ஜூலை 1 ஆம் திகதியுடன் தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் பொத்துவில் மக்களுக்கு அறுகம்பைப் பாலத்தை அமைத்துக் கொடுத்தது அந்நிறுவனமே.

மக்களால் தெரிவான ஜனாதிபதியின் கொள்கையை அதிகாரிகள் நிறைவேற்றத்தான் வேண்டும் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. முட்டுக்கட்டை போடும் அதிகாரிகள் எந்நாட்டிலும் உளர். ஆயினும், கொள்கை வகுப்புடன் தொடர்புடையவை எனக் கூறி ஏறத்தாழ 50,000 பதவிகளின் பாதுகாப்பை நீக்க 2025 ஏப்ரலில் முன்வைக்கப்பட்ட திட்டம், பிழையைச் சுட்டிக்காட்டும் உத்தியோகத்தரையும் முட்டுக்கட்டை போடுபவரையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடியது. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம் ஆகியவற்றை அமைச்சரவையிடம் ஒப்படைத்த பின்னர் இந்நாட்டில் நிகழ்ந்தவற்றை, குறிப்பாகச் சிறுபான்மையினர் அனுபவித்தவற்றை அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தனை மாற்றங்களுக்குள்ளும் ஊழியர் என்ன நினைக்கின்றனர் என்று அரசாங்கம் கேட்டதா? 2024 ஆம் ஆண்டுக் கணிப்பில் ஆறரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிலளித்திருந்தனர். 2025 இல் அக்கணிப்பு நடத்தப்படமாட்டாது என ஆளணி முகாமைத்துவ அலுவலகம் அவ்வாண்டு ஓகஸ்டில் அறிவித்தது. வினாக்களைத் திருத்தியமைக்க வேண்டியிருந்தது என்பதே கூறப்பட்ட காரணம். சீர்திருத்தம் வெற்றியளித்ததாக நம்பும் ஓர் அரசாங்கத்திற்கும் அந்தப் பதில்கள் பயன்பட்டிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.

ஊழியரின் குரலுக்கிருந்த மற்றைய வழி தொழிற்சங்கமாகும். தேசிய பாதுகாப்பைக் காரணங்காட்டி, 2025 மார்ச் 27 ஆம் திகதிய கட்டளையொன்றின் மூலம் பல திணைக்களங்களில் கூட்டுப் பேரம்பேசும் உரிமை நீக்கப்பட்டது. முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளின் தாதியரும் அதற்குள் அடங்கினர். இக்கட்டளையை இரத்துச்செய்யும் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபையின் தலைமை விவாதத்திற்கு எடுக்கவில்லை. அதனால் 218 உறுப்பினர்கள் கையொப்பமிட்டு அதனைச் சபைக்குக் கொண்டுவந்தனர். டிசெம்பர் 11 ஆம் திகதி 195 இற்கு எதிராக 231 வாக்குகளால் அது சபையில் நிறைவேறியது. ஆதரித்து வாக்களித்தோரில் இருபது பேர் ஜனாதிபதியின் சொந்தக் கட்சியினர்.